துப்பாக்கிப் பாறையில் ஒரு கணக்கு நோட்டு

1929-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில வேட்டைத் துறை ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கோஸ்ஹாக் என்ற பருந்தைச் சுட்டுக் கொண்டுவந்தால் ஒரு பறவைக்கு 5 டாலர் பரிசு. பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கிய ஆண்டு அது. நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை போனவர்களுக்கு 5 டாலர் பெரிய பணம். கோழிகளையும் காட்டுக்கோழிகளையும் தின்று தீர்ப்பவை என்று பருந்தினம் மொத்தத்தையும் ஊர் வெறுத்த காலமும் அதுதான். பறந்து வருவது கோஸ்ஹாக்கா வேறொன்றா என்று பிரித்துப் பார்க்கத் துப்பாக்கி பிடித்தவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் அவசியமும் இருக்கவில்லை. வந்ததையெல்லாம் சுட்டார்கள்.

அந்த வேட்டைக்குப் பேர்போன இடம் கிட்டட்டின்னி மலைத்தொடரில் இருக்கும் ஒரு பாறை முகடு. கனடாவிலும் அமெரிக்காவின் வடகிழக்குக் காடுகளிலும் கோடையைக் கழித்த இரைகொல்லிப் பறவைகள், இலையுதிர் காலம் வந்ததும் தெற்கே கிளம்பும். வடமேற்கிலிருந்து வீசும் குளிர்காற்று இந்த நீண்ட மலையில் மோதி மேலே எழும்புகிறது. அந்தக் காற்றின் மேல் சிறகை விரித்து வைத்துக்கொண்டால் போதும், அதிகம் அடிக்காமலே பல மைல் கடந்துவிடலாம். அதனால் பறவைகள் மலை முகட்டை விட்டு விலகாமல் வரும். பாறை மேல் நிற்பவரின் கண் மட்டத்திலேயே கடந்து போகிற பறவைகளும் உண்டு. குறி தப்ப வழியே இல்லாத இடம். சுற்றுவட்டாரத்திலிருந்து ஆட்கள் கார்களில் வந்து நாள் முழுக்கச் சுட்டார்கள். அடிபட்டுச் சாகாமல் மரக்கிளைகளில் சிக்கிக் கிடந்தவற்றை யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

1932-ல் அங்கே போன ரிச்சர்ட் போ என்ற இளம் பறவை ஆர்வலர், காட்டுத் தரையில் சிதறிக் கிடந்த உடல்களைப் பொறுக்கி வரிசை வரிசையாக அடுக்கிப் படம் எடுத்தார். மறு ஆண்டு நியூயார்க்கில் நடந்த ஒரு கூட்டத்தில் அந்தப் படங்கள் காட்டப்பட்டன. பார்த்தவர்களில் ஒருவர் ரோசலி எட்ஜ். பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய தலைமுறையைச் சேர்ந்தவர். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. பறவைகளைக் காக்க வேண்டிய பெரிய சங்கங்களே கையைக் கட்டிக்கொண்டு நிற்பதாகக் குற்றம்சாட்டி, 1929-லேயே தனியாக ஓர் அவசரப் பாதுகாப்புக் குழுவைத் தொடங்கியிருந்தவர். அந்த மலையை யாராவது வாங்குவார்கள் என்று அவர் காத்திருந்தார். யாரும் வாங்கவில்லை. 1934-ல் 500 டாலரைக் கடனாகப் புரட்டி, சுமார் 1,400 ஏக்கரைத் தானே குத்தகைக்கு எடுத்தார். பின்னர் விலைக்கே வாங்கி, 1938-ல் ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். ஹாக் மவுண்டன் சரணாலயம் பிறந்த கதை இது. இரைகொல்லிப் பறவைகளுக்கென்றே உலகில் உருவான முதல் சரணாலயம்.

குத்தகை எடுத்தால் போதுமா? காவலுக்கு ஆள் வேண்டுமே. மாரிஸ் புரூன் என்ற இளம் பறவையியலாளரும், அவரைப் புதிதாக மணந்திருந்த ஐர்மாவும் வந்து சேர்ந்தார்கள். புரூன் முதலில் சம்பளம்கூட வேண்டாம் என்றார். ஐர்மா சாலையோர வாசலில் நின்று, துப்பாக்கியோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். தலைமுறையாகச் சுட்டுப் பழகிய உள்ளூர்க்காரர்கள் எதிரில் நிற்க, ஒரு பெண் தனியாக அந்த வேலையைச் செய்தார் என்பதை இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். அது நியாயமில்லை. வாசலில் அவர் நின்றதால்தான் மேலே பாறையில் கணவரால் உட்கார்ந்து வானத்தைப் பார்க்க முடிந்தது.

மேலே உட்கார்ந்திருந்த புரூன், கடந்து போன பறவைகளை இனம்வாரியாக எண்ணி நோட்டில் எழுத ஆரம்பித்தார். உலகில் மிக நீண்ட காலமாக நடந்துவரும் இரைகொல்லிப் பறவைக் கணக்கு அன்றைக்கு அப்படித் தொடங்கியதுதான். இரண்டாம் உலகப் போரில் அவர் கடற்படைப் பணிக்குப் போன மூன்று ஆண்டுகள் மட்டும் ஏடு வெறுமையாக இருக்கிறது. மற்றபடி ஒவ்வோர் இலையுதிர் காலமும் அதில் இருக்கிறது.

தொடக்கத்தில் அந்த எண்களை அறிஞர்களே நம்பவில்லை. பொன்னிறக் கழுகு அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்கு உரியது, கிழக்கில் எப்போதோ ஒன்று தென்படும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். புரூனின் நோட்டிலோ அது ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்தது. சந்தேகப்பட்டவர்கள் மலையேறி வந்து நவம்பர்க் குளிரில் நின்று, தங்கள் கண்ணாலேயே பார்த்த பிறகு ஒப்புக்கொண்டார்கள்.

இப்போது அந்த எண்ணிக்கை ஆகஸ்ட் 15-ல் தொடங்கி டிசம்பர் 15-ல் முடிகிறது. வடக்கு முகடு என்று அழைக்கப்படும் இடம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 அடி உயரம். மணற்கல் பாறைகள்தான் இருக்கை. எதிரே விரியும் மலைத்தொடரின் மேடுகளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் வைத்திருக்கிறார்கள். வானத்தில் ஒரு புள்ளியை இன்னொருவருக்குக் காட்டுவது லேசான காரியமில்லை. மேகத்துக்கு அடையாளம் சொல்லி முடிப்பதற்குள் மேகமே நகர்ந்துவிடும். அதனால், மூன்றாம் மேட்டுக்கு மேலே ஒன்று, இடது பக்கம் இறங்குகிறது என்று ஒருவர் குரல் கொடுத்ததும் பாறையில் இருக்கும் அத்தனை பைனாகுலர்களும் அங்கே திரும்பும். பக்கத்தில் ஒரு கம்பத்தின் உச்சியில் பொம்மை ஆந்தை ஒன்றைக் கட்டி வைத்திருப்பார்கள். ஆந்தையைக் கண்டால் பருந்தினத்துக்கு ஆகாது. தூரத்தில் போகிறவை அதை விரட்டக் கிட்டே பாயும்போது, எண்ணுபவருக்கு அடையாளம் பார்க்கச் சில நொடி கிடைக்கும்.

அந்தச் சில நொடியில் நிறத்தைப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. வெளிச்சத்துக்கு எதிரே எல்லாமே கறுப்பு. வடிவமும் பறக்கிற தோரணையும்தான் துணை. சிறகைப் பலகைபோல் நேராகப் பிடித்துக்கொண்டு அசையாமல் வந்தால் வெண்தலைக் கழுகு. சிறகு இரண்டும் சற்றே மேல்நோக்கி உயர்ந்து, உடம்பு இப்படியும் அப்படியும் ஆடினால் வான்கோழிக் கழுகு. படபடவென்று சிலமுறை அடித்து ஒரு சறுக்கு, மறுபடி அடித்து ஒரு சறுக்கு என்று வந்தால் காட்டுக்குள் சிறு பறவைகளைப் பிடிக்கும் வைரி இனம். அதிலும் தலை சிறகின் முன்விளிம்பைத் தாண்டி நன்றாக நீண்டிருந்து வால் நுனி வட்டமாக இருந்தால் கூப்பர் வைரி. தலை ஒடுங்கி வால் நுனி வெட்டினாற்போல் இருந்தால் அதன் சின்ன உறவினர். ஆண்டுக்கணக்கில் பழகியவர்களும் சில பறவைகளை அடையாளம் தெரியாதவை என்ற கட்டத்தில்தான் எழுதுகிறார்கள். ஊகித்து நிரப்பாமல் விடுவது இந்த வேலையின் முதல் ஒழுக்கம்.

பறவை வராத நேரத்துக்கும் கணக்கு உண்டு. ஒவ்வொரு மணிக்கும் காற்று எந்தத் திசை, என்ன வேகம், வெப்பம் எவ்வளவு, மேகம் எத்தனை பங்கு, எவ்வளவு தூரம் பார்வை தெரிகிறது என்று எழுத வேண்டும். பறவை குறைந்ததா, பார்க்கும் வாய்ப்பு குறைந்ததா என்று பிற்காலத்தில் பிரித்தறிய அது இல்லாமல் முடியாது. பூஜ்யம் என்று எழுதிய மணிகளும் நூறு என்று எழுதிய மணிகளும் ஒரே மதிப்புள்ளவை.

செப்டம்பர் நடுவில்தான் உச்சம். அகன்ற சிறகுப் பருந்துகள் தென் அமெரிக்காவுக்குக் கிளம்பும் நாட்கள் அவை. வெயிலில் சூடேறிய தரையிலிருந்து எழும் வெப்பக் காற்றுத் தூணுக்குள் நூற்றுக்கணக்கில் நுழைந்து, வட்டமடித்து வட்டமடித்து உயரே போகும். அந்தச் சுழலுக்குள் எண்ணப் போனால் தலைதான் சுற்றும்; ஒரே பறவையை நான்கு முறை எண்ண நேரும். அனுபவசாலிகள் காத்திருக்கிறார்கள். தூணின் உச்சியை எட்டியதும் பருந்துகள் சுற்றுவதை நிறுத்தி, ஒன்றன்பின் ஒன்றாகத் தெற்கே சறுக்கத் தொடங்கும். கல்யாணப் பந்திக்குள் புகுந்து தலையெண்ணாமல், சாப்பிட்டு வெளியே வருகிறவர்களை வாசலில் நின்று எண்ணுவது மாதிரி, அந்த வரிசையைப் பிடித்துக் கட்டைவிரல் எண்ணியால் தட்டிக்கொண்டே போவார்கள். 1978 செப்டம்பர் 14 அன்று அந்தப் பாறையில் எண்ணப்பட்ட அகன்ற சிறகுப் பருந்துகள் 21,448. சாதாரணமாக ஒரு முழுப் பருவத்தில் கடக்கும் எல்லா இனங்களையும் சேர்த்தாலும் இருபதாயிரத்தை ஒட்டித்தான் வரும்!

இவ்வளவு பாடும் எதற்கு என்ற கேள்விக்குப் பதில் 1950-களில் கிடைத்தது.

வெண்தலைக் கழுகின் தலையும் வாலும் வெளுக்கப் பிறந்து நான்கைந்து ஆண்டுகள் ஆகும். அதுவரை உடல் பெரும்பாலும் பழுப்பு. ஆகவே வானத்தில் போகிறது குஞ்சுப்பருவத்தைத் தாண்டிய இளசா, முதிர்ந்ததா என்று எண்ணுபவரால் சொல்லிவிட முடியும். புரூன் அதையும் தனித்தனியாக எழுதி வைத்திருந்தார். 1935 முதல் 1939 வரை அவர் பார்த்த வெண்தலைக் கழுகுகளில் 40 சதவீதம் இளங்கழுகுகள். 1955 முதல் 1959 வரை அது 20 சதவீதமாகச் சரிந்தது. 1957-ல் 32 முதிர்ந்த கழுகுகளுக்கு ஒரே ஓர் இளங்கழுகு. பெரிய கழுகுகள் வழக்கம்போல் வந்துகொண்டிருந்ததால், வெறும் கண்ணுக்கு எந்தக் குறையும் தெரிந்திருக்காது. கிழடுகள் வருகின்றன, பிள்ளைகள் வரவில்லை என்பதை நோட்டுதான் சொன்னது. அதே காலத்தில் புளோரிடாவில், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி சார்லஸ் புரோலி, மரமேறிக் கழுகுக் குஞ்சுகளுக்கு வளையம் மாட்டிவந்தார். அவருக்கும் கூடுகளில் குஞ்சு கிடைக்காமல் போயிற்று.

ரேச்சல் கார்சன் 1945 இலையுதிர் காலத்தில் ஹாக் மவுண்டன் பாறையில் உட்கார்ந்து பருந்து பார்த்தவர். டிடிடி முதலான பூச்சிக்கொல்லிகளின் நாசத்தை விவரித்து 1962-ல் அவர் வெளியிட்ட ‘மௌன வசந்தம்’ புத்தகத்தில், புரூனின் இந்த எண்களும் புரோலியின் அனுபவமும் சாட்சியங்களாக இடம்பெற்றன. ரசாயன நிறுவனங்கள் அவரைக் கடுமையாகத் தாக்கின. ஆனால் 1935-க்குத் திரும்பிப் போய்க் கழுகுகளை எண்ண எவராலும் முடியாதே! எண்ணி வைத்தவர் ஒருவர் இருந்தார், அவர் எண்ணியபோது டிடிடி என்ற பெயரே விவசாயத்தில் இல்லை, எதையும் நிரூபிக்கும் நோக்கமும் அவருக்கு இல்லை. அந்தக் கணக்கின் பலம் அதுதான். டிடிடி உடம்பில் சேர்ந்த பறவைகளின் முட்டையோடு மெலிந்து, அடைகாக்கும் தாயின் எடையிலேயே நொறுங்குகிறது என்பதை டெரெக் ராட்கிளிஃப் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 1967-ல் காட்டினார். 1972-ல் அமெரிக்கா டிடிடியைத் தடை செய்தது. 2007-ல் வெண்தலைக் கழுகு அழிவுப் பட்டியலிலிருந்து வெளியே வந்தது. இன்று ஹாக் மவுண்டனில் ஒரே பருவத்தில் நூற்றுக்கணக்கான வெண்தலைக் கழுகுகள் கடக்கின்றன.

ரோசலி எட்ஜ் அதையெல்லாம் பார்க்கவில்லை. ‘மௌன வசந்தம்’ வெளிவந்த அதே ஆண்டின் நவம்பரில் அவர் காலமானார்.

கழுகு மீண்டது, சரி. அதே ஏட்டில் இன்னொரு பத்தி இறங்குமுகமாக இருக்கிறது. அமெரிக்கக் கெஸ்ட்ரல் என்ற சின்ன வல்லூறு, வயல்வெளிக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்று வெட்டுக்கிளியையும் எலியையும் பிடிப்பது, ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. வயல்கள் குறைந்ததா, பூச்சிகள் குறைந்ததா, பெரிய வைரிகள் அதைப் பிடிப்பதா என்று பல காரணங்களை ஆய்வாளர்கள் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். இன்னும் ஒன்றும் உறுதியாகவில்லை. டிடிடி காலத்தில் போலவே, முதல் எச்சரிக்கை மணி இந்த நோட்டுகளில்தான் அடித்திருக்கிறது.

ஹாக் மவுண்டனில் எண்ணப் படித்தவர்கள் உலகமெங்கும் போனார்கள். 1976 முதல் பல நாட்டு இளைஞர்களுக்கு அங்கே பயிற்சி தரப்படுகிறது. மெக்சிகோவின் எர்னஸ்டோ ருவேலாஸ் அப்படி வந்தவர். அவர் ஊரான வெராக்ரூஸில் மலைத்தொடருக்கும் மெக்சிகோ வளைகுடாவுக்கும் நடுவே ஒரு குறுகிய சமவெளி இருக்கிறது. கடலுக்கு மேல் வெப்பக் காற்று எழும்பாது என்பதால், சிறகடிக்காமல் மிதந்து போகும் பறவைகள் கடலைத் தவிர்த்து இந்த இடுக்கு வழியாகவே நெருக்கியடித்துக்கொண்டு வரும். 1995-ல் அங்கே முழுப் பருவக் கணக்கெடுப்பு தொடங்கியபோது வந்த எண்கள் உலகத்தையே திகைக்க வைத்தன: ஆண்டுக்கு 40 லட்சத்துக்கும் அதிகமான இரைகொல்லிப் பறவைகள். எண்ணும் இடங்களில் ஒன்று கார்டெல் என்ற சிற்றூரின் ஓட்டல் மொட்டைமாடி. கீழே கடைத்தெரு இரைச்சல், மேலே பருந்து வெள்ளம். அங்கே ஒன்றிரண்டாக எண்ணினால் கட்டாது. பத்து பறவைக்கு ஒரு தட்டு, கூட்டம் பெருத்தால் நூறுக்கு ஒரு தட்டு.

அந்த வெள்ளத்தில் ஸ்வைன்சன் பருந்தும் ஒன்று. வட அமெரிக்கப் புல்வெளிகளிலிருந்து அர்ஜென்டினா வரை போய்வரும். 1990-களின் நடுவில் அர்ஜென்டினாவின் பாம்பாஸ் சமவெளியில் அவை ஆயிரக்கணக்கில் செத்துக் கிடந்தன. காரணம், வெட்டுக்கிளிகளைக் கொல்ல வயலில் அடித்த மோனோகுரோட்டோபாஸ். நம் ஊர் உழவர்களுக்கும் நன்கு தெரிந்த பெயர்தான் அது. ஒரே பருவத்தில் இறந்தவை சுமார் 20,000 இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். பறவைகள் முதுகில் பொருத்திய சாட்டிலைட் கருவிகளைப் பின்தொடர்ந்து போனதால்தான் அந்த இடமே கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு அங்கே அந்த மருந்துக்குக் கட்டுப்பாடு வந்தது.

கருங்கடலின் கிழக்குக் கரையில், ஜார்ஜியா நாட்டின் படூமி நகருக்கு அருகிலும் இப்படியொரு இடுக்கு. மலை கடலைத் தொடும் இடம். 2008-ல் ஐரோப்பிய இளம் தன்னார்வலர்கள் அங்கே எண்ணத் தொடங்கினார்கள். தேன்பருந்து, கள்ளப்பருந்து, வைரிகள் என்று பருவத்துக்கு 10 லட்சத்துக்கும் மேல். சுற்றியிருக்கும் கிராமங்களில் பருந்து சுடுவது வழக்கமாக இருந்தது. எண்ண வந்தவர்கள் ஓட்டலில் தங்காமல் கிராமத்து வீடுகளிலேயே தங்கினார்கள். வாடகையும் சாப்பாட்டுக் காசும் அந்த வீடுகளுக்கே போயிற்று. பருந்து உயிரோடு பறந்தால் வருமானம் வருகிறது என்றானபோது பேச்சுக்குக் காது கிடைத்தது. ஐர்மா வாசலில் நின்று தடுத்ததைவிட இது மெதுவான வழி; ஆனால் ஊரே சேர்ந்து வருகிற வழி.

இந்தியாவில் அப்படி ஓர் ஊர் சேர்ந்து வந்தது. அமுர் வல்லூறு, புறா அளவுகூட இல்லாத பறவை. சைபீரியாவிலும் வட சீனத்திலும் குஞ்சு பொரித்து, அக்டோபரில் நாகாலாந்துக்கு வந்து இறங்கி, ஈசலைத் தின்று கொழுத்து, பிறகு தீபகற்பத்தையும் அரபிக்கடலையும் தாண்டித் தென்னாப்பிரிக்காவுக்குப் போகிறது. 2012-ல் தோயாங் நீர்த்தேக்கத்துக்குப் போன பாதுகாப்பு ஆர்வலர்கள், மீன்வலைகளைக் கம்பங்களில் கட்டிப் பறவைகளை மொத்தமாகப் பிடிப்பதைப் படம்பிடித்தார்கள். ஒரு பருவத்தில் 1,20,000 முதல் 1,40,000 வரை கொல்லப்படுவதாக அவர்கள் கணக்கிட்டார்கள். நாடே அதிர்ந்தது. மறு ஆண்டு, வேட்டையாடிய பாங்தி கிராமத்தினரே காவலுக்கு நின்றார்கள். ஒரு பறவைகூடக் கொல்லப்படவில்லை. அந்த ஆண்டு சாட்டிலைட் கருவி கட்டிப் பறக்கவிட்ட மூன்று வல்லூறுகளுக்கு நாகா, வோக்கா, பாங்தி என்று அந்த மண்ணின் பெயர்களையே வைத்தார்கள்.

பாங்தியில் பெரும் எண் ஒன்று ஊரை உலுக்கியது. பிணந்தின்னிக் கழுகுகள் விஷயத்திலோ எண்ணே தாமதமாக வந்தது. எங்கே பார்த்தாலும் இருந்த பறவை. ஆகவே எண்ண வேண்டும் என்று பெரும்பாலும் யாருக்கும் தோன்றவில்லை. பரத்பூர் கேவலாதேவ் பூங்காவில் 1980-களில் அவற்றை எண்ணி வைத்திருந்த விபு பிரகாஷ், பத்தாண்டு கழித்து மறுபடி எண்ணியபோதுதான் வீழ்ச்சியின் ஆழம் புரிந்தது. கால்நடைகளுக்குப் போடும் டைக்ளோஃபினாக் மருந்துதான் கொல்கிறது என்று தெரிந்து, 2006-ல் கால்நடை மருத்துவத்தில் அதற்குத் தடை வந்தபோது, மூன்று இனங்களில் நூற்றுக்கு 95-க்கும் மேல் போயே போய்விட்டது. 2023 டிசம்பரில் தமிழகம், கர்நாடகம், கேரளம் மூன்றும் ஒரே நாட்களில் சேர்ந்து எடுத்த கணக்கில் கிடைத்த மொத்தம் 320. வெண்முதுகுக் கழுகு 217, நீண்ட அலகுடையது 47, செந்தலைக் கழுகு 50, மஞ்சள்முகப் பாறு 4. கூடவே இமயமலைப் பக்கத்திலிருந்து குளிர்காலத்துக்கு வந்திருந்த வலசைக் கழுகுகள் இரண்டு இனத்தில் ஒவ்வொன்று. மாநில எல்லையில் பறவை நிற்பதில்லை என்பதால் ஒரே நேரத்தில் மூன்று மாநிலத்திலும் எண்ணியது சரியான முறை. இனி அது ஓர் ஆண்டும் விடுபடாமல் நடக்க வேண்டும்.

தமிழகத்துக்கு இலையுதிர் காலத்தில் வந்து சேரும் பூனைப்பருந்துகளையும் இந்த வரிசையில் வைக்கத்தான் வேண்டும். மத்திய ஆசியப் புல்வெளிகளிலிருந்து வரும் இவை, மரத்தில் அடையாமல் புல்தரையில் கூட்டமாக இரவு தங்குகின்றன. பகலில் மானாவாரி நிலங்களுக்கு மேலே தாழப் பறந்து வெட்டுக்கிளிகளைப் பிடிக்கின்றன. குஜராத்தின் வேளாவதர் புல்வெளி இவை அடையும் உலகின் மிகப் பெரிய இடங்களில் ஒன்று. தென் மாவட்டங்களின் கரிசல் பக்கத்திலும் இவை வந்து தங்குவதைப் பறவை ஆர்வலர்கள் அறிவார்கள். தரிசு என்று அரசு ஏட்டில் பதிவாகிற நிலம்தான் இவற்றின் படுக்கை. அங்கே மனைப்பிரிவோ சூரிய மின்தகடோ காற்றாலையோ வருமுன், எத்தனை பறவைகள் அடைகின்றன என்பதற்கு எழுத்தில் ஓர் ஆதாரம் இருக்க வேண்டும். மாலை நேரத்தில், ஒரே மேட்டில் நின்று, நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வாரம் ஒருமுறை எண்ணினால் போதும். பக்கத்துக் கல்லூரியின் விலங்கியல் துறை நினைத்தால் அடுத்த பருவத்திலேயே தொடங்கலாம். செலவு, இரண்டு பைனாகுலரும் ஒரு நோட்டும்தான்.